நிவியாக்கின் முதல் வழக்கு

எங்கள் நிவியாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பனி உறைந்த இந்த வடகோடிக் கரையோரத்திலிருந்து சட்டம் படித்து வந்த முதல் இனூயிட் பெண், இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர், அதில் ஒரு முறை அமைச்சர், குடும்பச் சட்டத்தை எங்கள் மொழியில் எழுத வைத்தவள். எல்லாம் சரி. அவளுடைய முதல் வழக்கைப் பற்றி மட்டும் ஒருவரும் சரியாக எழுதவில்லை. அந்த வழக்கின் கட்சிக்காரன் நான். என் பெயர் குப்லு, ஊருக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், பேச்சு அதைவிடச் சீக்கிரம் வரும். இரண்டாலும் நன்றாகப் பட்டிருக்கிறேன்.

நிவியாக் என் அம்மா. அவளைவிட நான் இருபத்தோரு வயது மூத்தவன். என்னைப் பெற்றவள் பெயர் நிவியாக். சூரியன் தலைகாட்டாத டிசம்பரில் அவள் இறந்தாள். நாற்பது நாள் கழித்து அடுத்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாள் என்பது எங்கள் கணக்கு. அன்றிலிருந்து அவள் எனக்கு அம்மா, நான் அவளுக்கு மகன். இது மரியாதைக்குச் சொல்கிற அம்மா இல்லை. நான் வேட்டையாடி வந்தால் முதல் துண்டு அவள் வீட்டுக்குப் போகும். ஐந்து வயதில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வாசலில் நிற்பாள்.

"கையுறை எங்கடா மகனே? விரல் உதிர்ந்துபோனா துப்பாக்கிய மூக்கால சுடுவியா?"

நான் ஓடிப்போய்க் கையுறையை மாட்டிக்கொள்வேன். வெளியூர்க்காரன் எவனாவது பார்த்தால் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கும் என் மனைவி உல்லூரிக்கும் பிள்ளை இல்லை. என் அண்ணன் மகள் தீவி கர்ப்பமாக இருந்தபோதே, "இது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். குழந்தை பிறந்த மறுநாள், படிப்பு விடுமுறையில் வந்திருந்த நிவியாக்கையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். தீவி குழந்தையை எடுத்து உல்லூரியின் மேலங்கியில் முதுகுப் பக்கம் இருக்கும் பையில் வைத்தாள். "இனிமே இவ உங்க பொண்ணு" என்றாள். அவ்வளவுதான் சடங்கு. குழந்தையின் அப்பன் டெரெக் பக்கத்தில் நின்றான். விமானத்தள ஓடுபாதையை நீட்ட வந்த வேலையாள், தெற்கத்திக்காரன். அவனும் தலையை ஆட்டினான். குழந்தைக்கு நௌயா என்று பெயர் வைத்தோம். பதிவு செய்ய ஒரு காகிதம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். அனுப்பலாம் என்றேன். எங்கே அனுப்பினேன்? பிள்ளை முதுகில் தூங்குகிறது, காகிதத்துக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் தீவி நோயில் போய்விட்டாள். டெரெக் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தான். நௌயாவுக்கு நாலு வயது நடக்கும்போது தெற்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டெரெக் இப்போது கல்யாணம் செய்துகொண்டு வீடு வாங்கியிருக்கிறானாம். மகளை அழைத்துப்போக வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழில் அப்பன் என்று அவன் பெயர்தான் இருந்தது. நாங்கள் குழந்தையைச் சும்மா பார்த்துக்கொள்ள வைக்கப்பட்டவர்கள்தான் என்று எழுதியிருந்தது. உல்லூரி அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சமைக்கவில்லை. நௌயாவை மடியைவிட்டு இறக்கவும் இல்லை.

நிவியாக் அப்போதுதான் வக்கீலாகி ஊருக்குத் திரும்பியிருந்தாள். இருபத்தேழு வயது. இலவச சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, வேலை செய்யாத ஒரு ஹீட்டர். கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காகிதம் அனுப்பலையா?"

"மறந்துட்டேம்மா."

"நாலு வருஷமாவா மறந்த? என் வயித்துல வந்து பொறந்தியே." ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அதில் கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் உறவு உண்டா என்று ஒரு கேள்வி. ரத்த உறவு, திருமண உறவு என்று இரண்டு கட்டங்கள்தான் போட்டிருந்தன. இரண்டிலும் இல்லை என்று குறித்தாள். அது உண்மைதான். மூன்றாவது கட்டம் இருந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

எங்கள் ஊரில் நீதிமன்றம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி, வக்கீல்கள், எழுத்தர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் விமானத்தில் வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மேசை போடுவார்கள். கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே நீதிபதியின் நாற்காலி. ஊரே வந்து உட்காரும், ரொட்டியும் தேநீரும் வரும்.

அந்த ஏப்ரல் காலையில் ஹோட்டலின் தண்ணீர்த் தொட்டி காலி என்று எனக்கு அழைப்பு வந்தது. குழாயை மாட்டிவிட்டு நின்றேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு மனிதர் வெளியே எட்டிப் பார்த்தார். டெரெக்கின் வக்கீல் பெம்பர்டன். எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. முகம் கழுவிய பிறகு, கூடம் வரைக்கும் என் வண்டியில் வரலாமா என்று கேட்டார். ஏறச் சொன்னேன். நல்லபடியாகப் பேசினார். பனியைப் பற்றிக் கேட்டார், நாய்களைப் பற்றிக் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னிக்கு உங்களுக்கு எதிரா ஒரு பொண்ணு வாதாடப் போகுது. ஜாக்கிரதையா இருங்க. அது என் அம்மா" என்றேன்.

"அவங்களுக்கு உங்க வயசுல பாதிதான் இருக்கும் போலயே" என்று சிரித்தார்.

போதாதா? பெயர் வந்த கதை, கையுறைக் கதை, முதல் துண்டு போகிற கதை என்று ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டேன். அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். தெற்கத்திக்காரர் நம் வழக்கத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்து வாசலில் இறங்கியதும், "உங்க பேர் என்னன்னு சொல்லவே இல்லையே" என்றார். சொன்னேன். அவர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

வழக்கு தொடங்கியதும் பெம்பர்டன் எழுந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்குத் தாய் முறை, அதைப் படிவத்தில் மறைத்துவிட்டார், சொந்த மகனுக்காக அவர் வாதாடக்கூடாது என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை எங்கள் மொழியில் சொன்னதும் கூடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. உல்லூரி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன்.

"யார்கிட்ட உளறின?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

நான் பெம்பர்டனைக் கண்ணால் காட்டினேன்.

பெம்பர்டன் கெட்டிக்காரர். அதோடு நிற்கவில்லை. "இல்ல, இது ஊர்ல சும்மா கூப்பிடற பேச்சு, நிஜ உறவு இல்லன்னு அவங்க சொல்லிட்டா போதும். நான் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கறேன். அவங்களே வாதாடட்டும்" என்றார்.

இதில் என்ன பொறி இருக்கிறது என்று எனக்குக் கூடப் புரிந்தது. சும்மா பேச்சு என்று அவள் சொன்னால் அவள் பெயர் தப்பும், வழக்கும் அவள் கையில் இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் வாயால் சொன்ன உறவு சும்மா பேச்சு என்று ஆகிவிட்டால், தீவி வாயால் சொல்லிக் கொடுத்த பிள்ளை மட்டும் என்னவாம்? நிஜ உறவு என்று சொன்னாலோ எங்களுக்கு வக்கீல் இல்லை. பொய் எழுதிய வக்கீல் என்ற பெயர் அவளுக்கு. முதல் வழக்கு, முதல் நாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நிவியாக் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சும்மா பேச்சு என்று சொல்லித் தொலை, எப்படியாவது பிள்ளையைக் காப்பாற்று என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அவள் என்னை மகன் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"நான் இவருக்குத் தாய்" என்றாள்.

"அப்படின்னா அந்தக் குழந்தை உங்களுக்கு யாரு?"

"பேத்தி."

பெம்பர்டன் சிரித்துவிட்டார். எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். நீதிபதியின் உதடும் லேசாகக் கோணியது. ஆனால் கூடத்தில் எண்பது, தொண்ணூறு பேர் இருந்தோம். எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இருபத்தேழு வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவள், நாலு வயதுக் குழந்தையைப் பேத்தி என்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீதிபதி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அவர் உதடு நேரானது.

"எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னத நான் ஒத்துக்கறேன்" என்றாள் நிவியாக். "காகிதம் இல்லாம, ரத்தம் இல்லாம, வாயால சொன்ன உறவும் இந்த ஊர்ல நிஜ உறவுதான்னு அவர் சொல்றார். அவர் சொன்னத அவர் வார்த்தையிலயே பதிவு பண்ணணும்னு கேட்டுக்கறேன். படிவத்துல இத எழுதாதது என் தப்பு. நான் விலகிக்கறேன்."

காகிதங்களை எடுத்துக்கொண்டு, வக்கீல் மேசையைவிட்டு எழுந்து, மூன்றாவது வரிசையில் மீன் விற்கிற சீமியோனிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வழக்கை ஜூலைக்கு ஒத்திவைத்தார்கள்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, பேத்தியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்று கேட்டேன். என் உளறலால் வந்த வினை என்பதை எல்லாம் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

"மகனே, அடுத்த தடவ நான் சாட்சி சொல்லணும். அதுவரைக்கும் இந்த வழக்கப் பத்தி உங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பெத்தவளா இருந்தா பேசணும்."

"பெத்தவங்கறதாலதான் பேசல. போடா, போய் வண்டிய எடு."

மூன்று மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் வீட்டுக்குப் போவேன். சில நாள் வண்டியில் தண்ணீர் தீர்ந்துபோகும். தீர்ந்தால் தீரட்டும் என்று திரும்பிவிடுவேன். அவளும் ஒரு புகார் சொல்லவில்லை. வீட்டில் உல்லூரி என்னோடு பேசவில்லை. நௌயா மட்டும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தாள். விமானச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் உல்லூரி குழந்தை எங்கே என்று பார்ப்பாள்.

ஜூலையில் எங்களுக்காகத் தலைநகர் இக்காலுயிட்டிலிருந்து ஒரு வயதான வக்கீலம்மா வந்தார். அதிகம் பேசவில்லை. நிவியாக்கைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டி என்ற முறையில் அவள் சாட்சி சொன்னாள். தீவி குழந்தையை முதுகுப் பையில் வைத்தபோது பக்கத்தில் நின்றவர்கள் யார், டெரெக் என்ன செய்தான், இந்த ஊரில் இப்படிக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் சொன்னாள். அந்தக் கூடத்திலேயே பத்தொன்பது பேர் கை தூக்கினார்கள். மொழிபெயர்ப்பாளரும் தூக்கினார்.

பெம்பர்டன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். "இதெல்லாம் வெறும்..." என்று ஆரம்பித்தார். வக்கீலம்மா ஏப்ரலில் அவரே சொன்னது பதிவாகியிருந்த பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெம்பர்டன் அதைப் பார்த்தார். வேறு இரண்டு கேள்வி கேட்டார், உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தீர்ப்பு. உறவைச் சொன்னால் நஷ்டம் என்று தெரிந்தும் அதை மறுக்காத ஒருவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். நௌயா எங்கள் மகள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உல்லூரி எழுந்து நின்று அழுதாள். நான் நிவியாக்கிடம் ஓடினேன். அவள் காலில் விழுந்திருப்பேன், எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை.

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. தீர்ப்புக்காக வந்து வாசலில் தனியாக நின்றிருந்த டெரெக்கிடம் போனாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? வீட்டுக்கு வந்து மீன் சாப்பிட்டுட்டுப் போங்க. குடுத்ததால நீங்க அவளுக்கு அப்பா இல்லன்னு ஆயிடுமா? உங்கள யாரு வரவேணாம்னு சொன்னா? வருஷா வருஷம் வாங்க."

அந்த மனிதன் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதான். இதைக் கேட்டிருந்தால் வழக்கே போட்டிருக்க மாட்டேன் என்றான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போதும் ஆகஸ்ட் தோறும் வருகிறான். மீன் வெட்டத்தான் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு நிவியாக் வளர்ந்தது ஊருக்கே தெரியும். நிலம், மீன்பிடி உரிமை, சுரங்கக்காரர்களோடு பேச்சுவார்த்தை என்று அவள் போகாத கூட்டம் இல்லை. தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், மறுபடி ஜெயித்தாள். எங்களிடம் அரசியல் கட்சி கிடையாது, ஜெயித்து வந்தவர்கள் கூடி உட்கார்ந்து அரசை நடத்தும் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை ஜெயித்தால் அவள்தான் தலைவர் என்று பேச்சு. எதிராக நின்றவன் எனூக்கி. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் ஆட்கள் வீடு வீடாக ஒரு துண்டுத்தாள் போட்டார்கள்.

அதில் எழுதியிருந்தது: "முதல் வழக்கிலேயே கட்சிக்காரனை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போனவர். உறவை மறைத்த குற்றத்துக்காக ஆறு மாதம் வழக்காட முடியாமல் தடை செய்யப்பட்டவர்."

தடையா? எனக்கு அது தெரியாது. பதினாலு வருடம் எனக்குத் தெரியாது. வண்டியை அப்படியே நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். தேர்தல் வேலைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் தாளை நீட்டினேன்.

"இது நெசமா?"

"நெசந்தான். ஏப்ரல் கடைசியில கடுதாசி வந்துச்சு."

"ஏப்ரலா? நான் உன்கூடப் பேசாம இருந்தப்பவா?"

"ஆமா. அப்பதான் தண்ணியும் வராம இருந்துச்சு" என்று சிரித்தாள். "ஐஸை உருக்கிக் குடிச்சேன்டா. நல்லாத்தான் இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? நேரா விமானம் ஏறி அவங்க ஆபீஸ்ல போய்க் கத்தியிருப்ப. அங்கயும் யார்கிட்டயாவது எதையாவது உளறியிருப்ப."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வயது இருபத்தேழு, முதல் வேலை, கையில் அந்தக் கடிதம். அதை வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்த வாரங்களில்தான் நான் அவள் வீட்டைத் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறேன். என் மகளை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. உட்கார்ந்து அழுதேன். அவள் தேநீரை என் கையில் திணித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

அங்கிருந்து நேராக ஊர் வானொலிக்குப் போனேன். எங்கள் வானொலியில் யாரும் போய்ப் பேசலாம். பனியில் ஓடும் ஸ்கிடூ வண்டி விற்பனை, தொலைந்த நாய், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில்தான். நௌயா தானும் வருகிறேன் என்று கூடவே வந்தாள். பதினெட்டு முடிந்து முதல் ஓட்டுப் போடக் காத்திருப்பவள். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"நான் குப்லு பேசறேன். தண்ணி வண்டி குப்லு. அந்தத் துண்டுத்தாள்ல எழுதியிருக்கறது பொய்யில்ல. அவ எழுந்து போனா. தடையும் இருந்துச்சு. ஆனா அவ எதுக்காக..."

அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் ஓடாமல் நின்றுவிட்டது. ஊர் முழுக்க சமையலறைகளில் வானொலி திறந்திருக்கும், எல்லாரும் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நௌயா என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நௌயா, குப்லு பொண்ணு, நிவியாக் பேத்தி. அந்த வழக்கு நான்தான். எங்க பாட்டி அத நடுவுல விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றீங்களே, நான் இங்க நின்னு பேசிட்டிருக்கேன், கேக்குதா?"